பூஜையில் வைத்த லேப்டாப்

சரஸ்வதி பூஜையன்று மயிலாப்பூர் போகும் ரயிலில் எதிரே இரண்டு பெண்கள். கண்ணாடி போட்டவள்தான் பதறிக்கொண்டிருந்தாள்.

“விண்டோஸ், மேக், லினக்ஸ், எந்தக் கம்ப்யூட்டர்லயும் எழுதின புரோகிராமை ஓடற சாஃப்ட்வேரா பில்ட் பண்ணித் தர்ற டூல்டி எங்களோடது. எல்லா மெஷினும் பூஜையில இருந்தா என்ன பண்ணும்?”

“ஆபீஸ்ல?”

“சந்தனம் வெச்சுப் பூட்டிட்டா. ஆஸ்பத்திரியில எங்க சாஃப்ட்வேர் மருந்து அளவைத் தப்பாக் காட்டறதாம், திருத்தினது இப்பவே வேணுங்கறா. புரோகிராமை நேத்தே திருத்திட்டேன், பில்ட்தான் பாக்கி.”

“உன் லேப்டாப்?”

“ஆத்துல, சரஸ்வதி படத்துக்கு முன்னாடி. நாளைக்குத்தான் எடுக்கணும்.”

சட்டென்று போனை எடுத்தாள்.

“அம்மா, லேப்டாப்பை எடுக்க வேண்டாம், அங்கேயே திற. பூவைத் தள்ளிட்டு நான் சொல்ற எழுத்தை அடி... என்ன, சிவப்பாத் தெரியறதா? எர்ரர்தான் சிவப்பா வரும். இரு, குங்குமமா இருக்கும், துடைச்சுப் பாரு.”

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“போகலையா?”