வயல் நிரம்பிவிட்டதாகச் சொன்ன பெட்டி

குடவாசலில் பஸ் ஏறியதிலிருந்து, என் முன் இருக்கையில் கரைவேட்டிக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொதித்துக்கொண்டிருந்தார். வயலில் தண்ணீர் ஏறியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டியை அவருக்குச் செய்து கொடுத்தவள் அவள்தான்.

“பக்கத்து வயல்ல எம் பங்காளி மோட்டாரப் போட்டா, என் வயல் நிரம்பிருச்சுன்னு உன் பெட்டி சொல்லுதும்மா. நட்ட பயிரு காயுது.”

“வயல்லேருந்து மோட்டார் கொட்டகைக்கு நீளமா ஒயர் வருதுல்லண்ணே, அவங்க மோட்டார் ஓடுறப்ப அதுல கரண்டு இரைச்சல் ஏறுது. பெட்டில உள்ள சிப்பு அதைத் தண்ணின்னு நம்பிடுது. ஒயர் சிப்புக்குள்ள நுழையுற எடத்துல ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வச்சா அடங்கிடும்.”

“அவனும் உன் பெட்டிதான வச்சிருக்கான்? நான் மோட்டாரப் போட்டா அவன் மோட்டாரும் நிக்குமா?”

“முன்னாடி நின்னுக்கிட்டுதாண்ணே இருந்துச்சு.”

அவர் குரல் சட்டென்று இறங்கிக் குழைந்தது. “அப்ப அந்தக் கெபாசிட்டர எனக்கு மட்டும் போட்டுவிடு. அவனுக்கு வேணாம்.”

“அவருக்குப் போன வாரமே போட்டுட்டேண்ணே,” என்றாள். “அவரும் இதையேதான் சொன்னாரு.”