இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்கள்

என்னை உலகத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என் வீட்டில் ஒருவரும் காட்டியதில்லை. சரவணமுத்து சொன்னார் என்று எங்கள் அடுப்பில் ஒரு பிடி உப்புகூடக் குறைந்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வரிசையாகவே சொல்கிறேன்.

நான் வைத்தியன் அல்ல. எண்களில் பட்டம் வாங்கிய டாக்டர். இதைத் தோட்டத்தில் எத்தனையோ தடவை விளக்கினேன். "சரிங்க டாக்டரையா, இந்த முட்டிவலிக்கு என்னா குடிக்கிறது?" என்பார்கள். வெந்நீர் என்பேன். இரண்டு பேருக்குக் குணமாகியும் விட்டது.

1992இல் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், பிரசவ வலி கண்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன லொறியை நிர்வாகம் நிறுத்தியது. அதன்பின் இரண்டு வருடம் அங்கே நடந்த சாவுகளை எண்ணினேன். ஒரு தாயும் சாகவில்லை. வாகனம் இல்லாமலே சமாளிக்கலாம் என்று எழுதினேன். வெளிநாட்டு இதழ் ஒன்று போட்டது. அதைப் பார்த்து ஒருவர் எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, கொழும்பு நூலகர் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை எனக்கு அந்த மேற்கோள்களின் பட்டியல் அனுப்புவார். பக்கத்துத் தோட்டங்களும் என் கட்டுரையைக் காட்டித் தங்கள் லொறிகளை நிறுத்தின. அதை ஒரு மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

1998இல் மாவனல்லைக்காரி பளீலா நான் எண்ணிய தோட்டத்துக்கு மருத்துவிச்சியாக வந்தார். ஒரு கொப்பியோடு என்னிடம் வந்து நின்றார்.

"சேர், நீங்க எண்ணினது சரி. ஆனா எண்ணுறத்துக்கு ஆளே இங்க இல்லயே. தலப்புள்ளக்கித்தான் தாய் ஊட்டுக்கு அனுப்புற வழக்கம். லொறி நிண்ட பொறகு எல்லாப் புள்ளக்கிம் போறாங்க. நாலு பேர் போன எடத்துல மௌத்தாப் போய்ட்டாங்க. பேரு, திகதி எல்லாம் இதுல இருக்கி."

"இதை வேறு யாரிடமாவது காட்டினீரா?"

"இன்னும் இல்ல சேர். மொதல்ல உங்ககிட்டச் சொல்லோணுமே."

நல்ல பிள்ளை. தேநீர் கொடுத்து, திருத்தி எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதமே அவருக்குத் தூர இடத்துக்கு மாற்றம் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் ஓடிப்போய் உறைகளில் பளீலாவின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு கட்டுரை பொய் என்றால் அதன்மேல் ஏறி நிற்கும் அத்தனை பேரும் கீழே பார்ப்பார்கள் அல்லவா?

1999இல் அதே தோட்டத்தில் மறுபடி எண்ணச் சொல்லி இதழிலிருந்து கடிதம் வந்தது. போனேன். பதினோராம் மாதம்வரை ஒரு சாவும் இல்லை.

அப்போதுதான் இராஜம். அழகமுத்துவை விரும்பிக் கட்டியவள். அதனால் தாய் பேச்சை நிறுத்தியிருந்தாள். போக வீடில்லாமல் தோட்டக் குடியிருப்பான லயத்திலேயே வலி கண்டாள். நான் போனபோது பாய் முழுக்க இரத்தம். அழகமுத்து வேன் தேடி டவுனுக்கு ஓடியிருந்தான்.

"டாக்டரையா, ஜீப்பு சும்மாதானே நிக்குது? ஏத்திக்கிட்டுப் போங்கய்யா. நானும் வர்றேன்," என்றாள் அதே லயத்தில் அடுத்த அறையில் இருந்த காம்பராக்காரி.

"பின்னால் முழுக்கக் கணக்கெடுப்பு வினாக்கொத்து, அம்மா. இன்னொருவருக்கு இடமில்லை."

பொய்யில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு தடித்த வினாக்கொத்து. இராஜத்தை அவற்றின்மேல் படுக்கவைத்தோம்.

கீழே சந்தியில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் இரத்தினபுரி ஆஸ்பத்திரி, நல்ல ரோடு, நாற்பது நிமிடம். இடப்பக்கம் அவள் தாய் இருக்கும் தோட்டம். அங்கே நடக்கும் சாவு அந்தத் தோட்டத்துக் கொப்பியில் ஏறும், என்னுடையதில் ஏறாது. இடப்பக்கம் திருப்பினேன்.

"ஐயா... ஆஸ்பத்திரி வந்துருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"கிட்ட வந்துவிட்டோம், பிள்ளை."

மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவைக்காகக் காத்திருந்தேன், கேட்கவில்லை.

தாய்க்காரி கதவைத் திறந்தாள். ஜீப்புக்குள் பார்த்தாள். "ஏன்யா இங்க கொண்டாந்தீங்க? ஆஸ்பத்திரிக்கில்ல கொண்டு போயிருக்கணும்," என்றாள். அவள் பள்ளிக்கூடமே போகாதவள்.

அம்மாவிடம் போகவேண்டும் என்று இராஜமே கேட்டதாகச் சொன்னேன். இராஜம் செத்த எட்டாம் நாள் அழகமுத்து வந்து என் காலைத் தொட்டான். "கடசி நேரத்துல ஆத்தா மொகத்தப் பாக்க வச்சீங்களே, அது போதுங்கய்யா," என்றான். தடுக்காமல் நின்றேன். அந்த வருடமும் பூச்சியம் என்று எழுதினேன்.

இவ்வளவு காலம் கழித்துப் பளீலாவும் அந்தக் காம்பராக்காரியும் சேர்ந்து முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். இராஜம் எப்படியும் செத்திருப்பாள் என்று நினைத்துத்தான் திருப்பினீர்களா என்று நீங்கள் கேட்கிறீர்கள். தயவாகக் கேட்கிறீர்கள்; ஆனால் அப்படி எழுதிவிடாதீர்கள். அவளுக்கு நாடி நன்றாகவே இருந்தது. நாற்பது நிமிடத்தில் சேர்த்திருந்தால், ஒரு வாகனம் இருந்ததால் ஒரு தாய் பிழைத்தாள் என்று ஊரே சொல்லியிருக்கும்.

அவள் பிழைத்துவிடுவாளோ என்றுதான், ஐயா, எனக்குப் பயமாக இருந்தது.