இடது கன்னத்து வெயில்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு போன் பேச்சைக் கதையாகச் சொல்கிறேன். பேசுகிறவள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு ஊர்ச் செவ்வந்தி. ஏரித் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அந்தப் பக்கம் அவள் நாத்தனார் அர்ச்சனா. பொன்னேரியில் மகளிர் குழுக் கண்காட்சியில், தானே காய்ச்சிய வெயில் தடுப்பு எண்ணெயை அடுக்கிவைத்துக் கடை போட்டிருக்கிறாள். அவள் சொல்வது நமக்குக் கேட்காது. கேட்கவும் வேண்டாம், செவ்வந்தி ஒருத்தி பேசினால் நாலு பேர் பேசின மாதிரி.

ஹலோ… ஹலோ, அர்ச்சு? ஆங், அண்ணிதான்… இன்னாடி சத்தம் அங்க, மைக்செட்டா?… ஓரமா வா… இன்னும் ஓரமா… ஆங், இப்ப கேக்குது.

சாப்ட்டியா?… வடையா? ஒத்த வடைய துன்னுட்டு எம்மா நேரம் நிப்ப?… சரி சரி, கேளு. என் மூஞ்சி இன்னும் தொங்குதா அங்க?… அதான்டி, பேனரு. "பழவேற்காட்டு வெயிலையே ஜெயிச்ச கன்னம்"னு எயுதி, என் எடது பக்கத்த மட்டும் படம் புடிச்சிப் போட்டியே… தொங்குதா… ஸோக்கா இருக்கேன்றாங்களா? யாரு?… டீக்கட அண்ணாவா? அடி போடி! உங்கண்ணன் காதுல வுழுந்துடப் போவுது.

சரி. அந்த ஸோக்கு கன்னம் இப்ப எப்டி கீது தெரியுமா? வெந்த எறா மாதிரி கீது… இல்லடி, வெளையாடல… எடதுதான். ஆமா, ஆமா, எண்ண தடவுற பக்கம்தான்… வேற எண்ணய நான் எதுக்குத் தடவப் போறேன்? நீ காச்சினதுதான். தேங்கா எண்ண, கேரட்டு, வாசனைக்கு எலுமிச்ச சாறு. தடவிக்கினு சமையல்கட்டுல நின்னாகூட ஊறுகா வாசனடி எனக்கு…

அதான் சொல்ல வரேன், குறுக்க பேசாத. நாங்க எறா புடிக்க எறங்குனா எப்டிப் போவோம்?… வரிசையா. காத்து முதுவுல படுறா மாதிரி. நெஞ்சு வரைக்கும் தண்ணி, ரெண்டு கையும் சேத்துல, எறா போடுற பறியோட கயிறு பல்லுல… ஆமா ஆமா, அந்த நேரம் மட்டும்தான் நான் வாய மூடுவேன். சிரி, நல்லா சிரி.

ஒத்தக் கன்னத்துல மட்டும் எண்ண தடவி நீ சோதன பண்ண பத்து நாளும் தெக்கத்திக் காத்துடி. நாங்க வடக்கப் பாத்துப் போனோம். காலங்காத்தால சூரியன் எங்க கீது?… நீதான பி.எஸ்சி. படிச்சவ, சொல்லு… ஆங், கெயக்க. அப்போ எனக்கு எந்தக் கன்னத்துல வெயிலு?…

இன்னா முணுமுணுக்குற? சத்தமா சொல்லு…

ஆமா கண்ணு. சோத்தாங்கைப் பக்கம். நீ எண்ண தடவுனது பீச்சாங்கைப் பக்கம். வெறுங்கன்னம் கறுத்துப் போச்சி, எண்ணக் கன்னம் அப்டியே இருந்துச்சி, நாம ரெண்டு பேரும் குதிச்சோம். என்னக் காப்பாத்துனது உன் எண்ண இல்லடி, என் மூக்கோட நெழலு!

இப்ப மூணு நாளா வாடக் காத்து. தெக்கப் பாத்துப் போனோமா, வெயிலு எடது பக்கம் வந்து குந்திக்கிச்சி. மொத நாளு எரிச்சலு. நேத்து செவந்துச்சி. இன்னிக்குக் கொப்புளம்… காட்டினேன், நம்ம அம்பிகா நர்சம்மா கிட்ட. மருந்து வெச்சி கட்டு போட்டு வுட்டாங்க. எலுமிச்ச சாறு பட்ட எடத்துல வெயில் பட்டா இப்டித்தான் பொத்துப்போவுமாம். தேங்கா எண்ணயும் கேரட்டும் வெயிலத் தடுக்கறது ரொம்பக் கம்மியாம். அத நம்பி வெளிய போவவே கூடாதாம்… ஆமாடி, மூலிகதான், யாரு இல்லன்னது? மூலிகனு லேபிள் ஒட்டுனா சூரியன் படிச்சிப் பாத்துட்டா சுடப் போவுது?

அதனால அந்த பாட்டில எல்லாம்… இன்னாது? யாரு நிக்கறாங்க?… டீச்சரா?… மொத்த பாட்டிலுமா! எதுக்காம்?… நாளைக்கு வெளையாட்டு விழாவா… புள்ளைங்க காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கிரவுண்டுலதானா…

அர்ச்சு. குடுக்காத.

இல்ல… இல்லம்மா, இந்த ஒரு வாட்டியும் கூடாது… தெரியும். "படிச்ச பொண்ணு எண்ண விக்குது"னு உங்க நைனா விருந்துல சபை முன்னாடி சொன்னப்போ, நான்தான் அங்க கொழம்பு ஊத்திக்கினு இருந்தேன். நீ சோறு துன்னாம எழுந்து போனதப் பாத்தேன். இன்னிக்குக் காலிக் கூடையோட வந்து அவர் முன்னாடி நிக்கணும்னு உனக்கு எம்மா ஆசனு எனக்குத் தெரியாதா? ஆனா என் தோலு உப்புலயும் வெயில்லயும் ஊறுன தோலு. அதுவே பொத்துப் போச்சி. அதுங்க சின்னப் புள்ளைங்கடி…

போன அவங்ககிட்ட குடு… உனக்கு வாய் வரலனா நான் சொல்றேன்… குடுக்கறியா, இல்ல இதே மூஞ்சியோட பஸ் ஏறி வரட்டுமா? வந்து அந்தப் பேனரு பக்கத்துலயே நிப்பேன், ஆமா… ஆங். குடு.

வணக்கம் டீச்சர்… ஆமாங்க, படத்துல கீறது நான்தாங்க… ரொம்ப சந்தோஷங்க. ஆனா அது போன மாசத்துக் கன்னங்க. இப்ப பாத்தா பயந்துடுவீங்க… இல்லங்க டீச்சர், அந்த எண்ணய வாங்காதீங்க. அது வெயிலத் தடுக்காதுங்க. எனக்கே கொப்புளம் வந்துடுச்சி… ஆமாங்க… எங்க அர்ச்சனா ஏமாத்தலங்க, மெய்யாலுமே நம்பித்தான் செஞ்சா. வெயிலு எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் பாக்கத் தோணல, அதாங்க தப்பு.

வேற இன்னா தடவலாமா? நர்சம்மா சொன்னத சொல்றேங்க. மொதல்ல துணிங்க. முழுக்கை சட்ட, அகலமான தொப்பி, பந்தலு. உச்சி வெயில்ல ஓட்டப்பந்தயம் வெக்காதீங்க… அப்பால மெடிக்கல்ல கிரீம் கேளுங்க. டியூபுல ஜிங்க் ஆக்சைடுனு போட்டிருக்கணும், எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் கொறையக் கூடாது… ஆமாங்க, அது தாதுப்பொருளுதான், தோலு மேலயே நின்னு தடுக்குமாம். வெள்ளயாத் தெரியும்ங்க, கோலமாவுல வுழுந்தா மாதிரி. புள்ளைங்க ஒண்ண ஒண்ணு பாத்து சிரிக்கும், சிரிக்கட்டும்… காது, பின்கழுத்து வுட்டுடாதீங்க. பொட்டு வெக்கறா மாதிரி தொட்டு வெச்சா பத்தாது, தாராளமா தடவணும். வேர்த்தா மறுபடி, வேர்க்கலனாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி… இன்னிக்கே முழங்கை உள்பக்கம் கொஞ்சூண்டு தடவி, அரிப்பு கிரிப்பு வருதானு பாத்துடுங்க.

நான் எங்கங்க படிச்சேன்? நர்சம்மா அர மணி நேரம் திட்டுனாங்க, அவ்ளோதான் என் படிப்பு… தலைக்குத் தேய்க்கவா? வேணாங்க, அதுலயும் எலுமிச்ச கீது. ஒண்ணுமே வாங்காதீங்க டீச்சர்… சரிங்க. அவகிட்டயே குடுங்க.

அர்ச்சு?… போய்ட்டாங்களா… அழுவுறியா?… இன்னா, சளி புடிச்சிக்கிச்சா? இப்பத்தான, வடை துன்னப்போ இல்லயே… சரி, அழு. மைக்செட்டு கீது, யாருக்கும் கேக்காது…

இன்னாது? பேனர நீயே கயட்டிட்டியா? எப்போ?… நான் டீச்சர்கிட்ட பேசிக்கினு இருந்தப்பவா… ம்ம்.

நைனாகிட்ட நான் பேசுறேன். மொத்தத்தயும் வாங்க ஆளு வந்து நின்னுது, உங்க பொண்ணு வேணாம்னுட்டானு சொல்றேன். அதுக்கு மேல அவரு வாயத் தெறந்தாருனா, கன்னத்துக் கட்ட அவுத்துக் காட்டுறேன்.

இன்னா?… மறுபடி சோதனையா! அடிப்பாவி, இன்னொரு கன்னம் எனக்கு ஏது?… ஆங்?… உன் மூஞ்சிலயா? ஜிங்க் கிரீம் தடவிக்கினு, ஒரு நாளு வடக்க, ஒரு நாளு தெக்க… நீ தண்ணில எறங்குவியா? நண்டு கால உரசினா ஊரக் கூட்டுவியே!… சரி, வா. மெய்யா சொல்றேன், வா.

இன்னாம்மா?… மெதுவா சொல்லு, கேக்கல…

வலிக்குதாவா?… வலிக்குதுடி. ரொம்ப வலிக்குது. அதச் சொல்லத்தான் மொதல்ல போன் பண்ணேன், நடுவுல மறந்துட்டேன்… அட, திரும்பவும் அழாத. துப்பட்டாவால தலைய மூடிக்கினு பஸ்ஸுக்கு வா, வெயில்ல நிக்காத… ஹலோ?… அர்ச்சு?… ஹலோ?…

அதோடு லைன் அறுந்தது கண்ணுகளா. கேட்டுக்கொண்டிருந்த உங்கள் வீட்டிலிருந்து வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முகம் வாடாமல் பொழுதோடு திரும்பட்டும். தன் குறையைச் சொல்ல ஒருத்தரும், அதைப் பொறுமையாய்க் கேட்க ஒருத்தரும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.