ஏழு ஆஸ்பத்திரிகளில் ஒரு பெட்டி

ஒரே ஓர் இன்குபேட்டரை ஒரே பகலில் ஏழு ஆஸ்பத்திரிகளில் ஓடவிட்டவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, என் வீட்டிலேயே நான் சொல்லி யாரும் எதையும் நம்பியதில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால் என் மகள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நனைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள். அலுவலகத்தில் எனக்கு ‘ரீல் பெட்டி’ என்று பெயர். அந்தப் பெயரை நான் ரசித்தே வந்தேன்.

சுகாதாரத் துறையின் சாமான் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. கட்டில், மெத்தை, மருந்துப் பெட்டி, சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் எல்லாம் என் சாவிக்கொத்துக்குள் அடக்கம். ஒரு வருஷம் எங்கள் பகுதியின் ஏழு ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழு இன்குபேட்டர் வாங்கியாயிற்று என்று அமைச்சர் மேடையில் அறிவித்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி அது. கிடங்குக்கு வந்து இறங்கியது ஒன்று. மற்ற ஆறும் எங்கே என்று கேட்பது என் சம்பளத்துக்கு மேற்பட்ட கேள்வி. நான் கேட்கவில்லை.

அந்த ஒன்றை எங்கே வைப்பது? ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தால் மற்ற ஆறும் கேட்கும். ஒருவருக்குக் கொடுத்து ஆறு பேருக்கு இல்லை என்பது அநியாயம் இல்லையா? அதனால் யாருக்கும் கொடுக்காமல் கிடங்கிலேயே போர்வை போர்த்தி வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை தூசி தட்டுவேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்ப்புக் குழு வரும். அந்த நாளை என்னிடம் விட்டுவிடுவார்கள். எங்கள் லாரியில் பிரேக் என்பது கடன் மாதிரி, கேட்டால் எப்போதாவது கிடைக்கும். அதன் டிரைவரைப் ‘பறவை’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓட்டினால் லாரி முன்னால் போய் நிற்கும், அதன் நிழல் டீ குடித்துவிட்டு மெதுவாக வந்து சேரும். குழுவின் காரை அழைத்துப் போகிறவருக்கு, எந்த ஊருக்கும் சுற்றுவழியில்தான் போக வேண்டும் என்று கட்டளை. போகிற இடத்திலெல்லாம் சாப்பாடு. அவர்கள் கை கழுவுவதற்குள் பெட்டி அடுத்த ஆஸ்பத்திரியில் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும். உள்ளே படுக்கவைக்க, பிரசவ வார்டில் கொழுகொழுவென்று இருக்கும் ஒரு குழந்தையைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். தாய்மார்களுக்கும் பெருமைதான். பத்திரிகையில் படம் வருமே.

ஒருமுறை ஐந்தாவது ஆஸ்பத்திரியில், குழுவில் இருந்த வெள்ளைமுடி டாக்டர் கண்ணாடி மூடியைத் தடவிப் பார்த்தார். “இந்தக் கீறலை வேற எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?” என்றார்.

“ஒரே கம்பெனி சார். அவங்க கீறல் எல்லாம் ஒரே அளவுதான்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து என் தோளைத் தட்டினார். “நல்லா இருய்யா” என்றார். நன்றாகத்தான் இருந்தேன். இந்தக் கதையை வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் சொல்வேன். என் மகளுக்குப் புரையேறும். “அப்பா, போதும், லாரிக்கு றெக்கை இருந்துச்சுன்னு சொல்லப்போறீங்க” என்பாள். அவள் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. என் கதைகளிலேயே நிஜமான கதை அது ஒன்றுதான்.

அடுத்த வருஷமும் குழு வந்தது. முதலாவது ஆற்றங்கரை ஆஸ்பத்திரி. அங்கே பிரசவ அறையை ஒட்டிய சின்ன அறையின் தரைக்கு முந்தின நாள்தான் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தோம். சரியாகக் காயவில்லை. பெட்டியைத் தள்ளி நிறுத்தினால் சக்கரம் நாலும் பதிந்துவிட்டது.

“ஐயா, தடம் விழுது பாருங்க” என்றார் பறவை.

“பெட்டி மேல நிக்குற வரைக்கும் தடம் யாருக்குய்யா தெரியும்? அலுங்காம தூக்குங்க, தள்ளாதீங்க.”

குழு பார்த்துவிட்டுப் போனதும் தூக்கி லாரியில் ஏற்றினோம். அப்படியே ஒவ்வொரு ஊராகப் போய், மலையடிவாரத்தில் இருந்த ஏழாவது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். குழு பெட்டியைச் சுற்றி நின்றிருந்தது. எங்கள் இயக்குநர் விளக்கிக்கொண்டிருந்தார். ஏழு ஆஸ்பத்திரி, ஏழு பெட்டி, குறைமாதக் குழந்தை ஒன்றுகூட இனி வீணாகப் போகாது என்றார். அப்போது என் போன் அடித்தது. மருமகன்.

“மாமா, இவளுக்கு திடீர்னு வலி வந்துடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே மாமா. காரை எடுத்துட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆற்றங்கரை ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. அங்க இன்குபேட்டர் இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே. நிஜமாவே இருக்கா?”

பெட்டி எனக்கு எதிரே இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். இயக்குநர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெள்ளைமுடி டாக்டரும் பார்த்தார், போன வருஷத்துச் சிரிப்போடு. வராந்தா பக்கத்திலேயே இருந்தது. வெளியே போய்ப் பேசியிருக்கலாம். அப்படிப் போனால் என்ன விஷயம் என்று கேட்பார்களே என்று தோன்றியது.

“இருக்கு மாப்பிள்ளை. காலையில என் கையாலதான் வச்சேன். தைரியமா போங்க” என்றேன்.

போனில் பின்னாலிருந்து என் மகளின் குரல் கேட்டது. “அப்பா என்ன சொல்றாரு?”

“இருக்காம்.”

“அப்ப அங்கயே போயிடலாம்.”

நான் சும்மா இருந்துவிடவில்லை. குழு நகர்ந்ததும் பெட்டியை ஆற்றங்கரைக்குப் பறக்கவிட வேண்டும் என்று பறவையிடம் கண்ணால் சொல்லிவிட்டேன். ஆனால் கடைசி ஊர் இல்லையா, குழுவுக்கு அவசரம் இல்லை. பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று மறுபடி எடுத்தார்கள். பிறகு தேநீர் வந்தது. எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

நாங்கள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பெண் குழந்தை. நர்ஸம்மா அதைத் தன் புடவைக்குள், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேஜை விளக்கைக் குழந்தை மேல் திருப்பி வைத்திருந்தார். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாராம். அது குழுவுக்கு முன்னால் பவனி போயிருந்தது, என் ஏற்பாட்டில்தான். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

“இப்ப எதுக்குங்க கொண்டு வரீங்க?” என்று மட்டும் கேட்டார்.

குழந்தையின் காது ஒரு பட்டாணி அளவு இருந்தது. நான் பெரிதுபடுத்திச் சொல்லும் ஆள். இதைச் சிறிதுபடுத்தவில்லை.

வந்தது வந்துவிட்டது என்று பெட்டியை அந்தச் சின்ன அறையில் இறக்கினோம். பழைய தடத்திலேயே நாலு சக்கரத்தையும் பொருத்தினோம். இயக்குநர் போனில் சொன்னபடிதான் செய்தேன். மறுநாள் துறை விசாரித்தது. பெட்டி இருந்தது, தடம் மாறாமல் இருந்தது, பேப்பரில் படமும் இருந்தது. இருந்த பெட்டியை உபயோகிக்காமல் குழந்தையைச் சாகவிட்டதாக நர்ஸை வேலையைவிட்டு நீக்கினார்கள். பெட்டி காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று நான் சாட்சி சொன்னேன். என் மகளும் சொன்னாள். “எங்கப்பாதான் வச்சாரு. இந்தப் பொம்பளை இல்லைன்னு கூசாம பொய் சொன்னா.”

ஒரு நல்லதும் நடந்தது. பெட்டி அங்கேயே இருக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டதால், அதில் அதன்பிறகு எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. என் பேத்தியால் பிழைத்தன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மற்ற ஆறு ஊர்களில் என்ன ஆயிற்று என்று நான் விசாரித்ததில்லை.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து ஒரு துணிக்கடைக்குத் துண்டு வாங்கப் போனேன். எடுத்துப் போட்டவர் அந்த நர்ஸம்மா. அடையாளம் தெரிந்துவிட்டது, இருவருக்கும். அவர் துண்டை மடித்து, பையில் போட்டு, நீட்டியபோதுதான் கேட்டார்.

“உங்க பொண்ணு நல்லா இருக்காங்களா? அப்புறம் குழந்தை ஏதும்...?”

“இல்லம்மா” என்றேன்.

“அய்யோ பாவம்” என்றார். அவர் திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்திருப்பேன்.

தன்னை நீக்கியது தவறு என்று நர்ஸம்மா போட்ட மனுவின்பேரில் அப்போது மறுபடி விசாரணை வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைவி. ஏழு ஆஸ்பத்திரியிலும் பெட்டி இருந்தது, எங்கள் மேல் குற்றம் இல்லை என்று துறை சாதித்தது. நானே போய் நின்றேன். லாரி, சுற்றுவழி, கொழுகொழுக் குழந்தை, போனில் சொன்ன ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சொல்கூடச் சேர்க்காமல் சொன்னேன். பறவை செத்துப் போயிருந்தார், வெள்ளைமுடி டாக்டரும் இல்லை. துறையின் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்து, என்னோடு வேலை பார்த்த மூன்று பேரை வரிசையாக அழைத்தார். மூவரும் என் பட்டப்பெயரைச் சொன்னார்கள். கூடம் சிரித்தது. சக்கரத் தடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்ல மறந்துபோயிருந்தேன். அது ஒரு பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயா, இது கதை சொல்ற இடம் இல்லை. உட்காருங்க.”

கடைசியாக என் மகளை அழைத்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“அவருக்கு எல்லாத்துலயும் தான் இருக்கணும் மேடம். எங்கயாவது பாலம் இடிஞ்சாக்கூட நான் தும்முனதுலதான் இடிஞ்சுதுன்னு சொல்லுவாரு. இதுவும் அப்படித்தான். சொந்தப் பேத்தியை யாராவது... எங்கப்பா ரீல் விடுவாரு, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் இல்ல.”

“அப்பா சொன்னது கிடக்கட்டும்மா. அந்த ரூம்ல நீங்க என்ன பார்த்தீங்க?”

“பெட்டி இருந்துச்சுன்னு அப்பா...”

“நீங்க என்ன பார்த்தீங்க?”

அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தலைவியும் அவசரப்படுத்தவில்லை. என் மகளின் வலதுகை மேஜைமேல் மெல்ல நீண்டு, உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பி, அப்படியே நின்றது.

“ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறப்ப அந்த ரூம் கதவு திறந்திருந்துச்சு மேடம்” என்றாள். “தரை சிவப்பா இருந்துச்சு. பெயிண்ட் வாடை. அதுல நாலு சக்கரத் தடம் பதிஞ்சிருந்துச்சு. தடம் மட்டும்தான். மேல ஒண்ணுமே இல்ல. என் கண்ணாலதான் பார்த்தேன். ஆனா அப்பா இருக்குன்னு சொல்லியிருந்தாரே, வலியில எனக்குத்தான் கண்ணு சரியா தெரியலைன்னு நினைச்சுக்கிட்டேன். இவ்வளவு நாளும் அப்படியே நினைச்சுக்கிட்டேன்.”

நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இந்தம்மா பொய் சொல்லல மேடம். இவர் சொன்னதெல்லாம் நடந்ததுதான். என் ஆயுசுல அந்த ஒரு தடவைதான், கையை நீட்டிப் பார்க்காம இவர் பேச்சை நம்புனேன்.”