ஸ்விட்ச்சில் கோளாறு இல்லை

— காலைக் கொஞ்சம் நகர்த்துங்கக்கா. ஒயர் உங்க செருப்புக்கு அடியில மாட்டிட்டு இருக்கு.

— நகர்த்தியாச்சு. மேஜைக்கு அடியில பூந்துட்டு என்ன தம்பி தேடுற? கோளாறு அந்த மூலை ரூம்ல, எல்லா நெட்வொர்க் ஒயரும் போய்ச் சேர்ற ஸ்விட்ச் பெட்டியிலதானே?

— அப்படி நம்பித்தான் நான் ரெண்டு தடவை ஏமாந்தேன். மொதல் தடவை ஒயரை மாத்தினேன். அடுத்த தடவை உங்க லைனைக் கழட்டி, நல்லா ஓடிட்டிருந்த வேற போர்ட்ல, அதான் பெட்டியில வேற ஓட்டையில, சொருகினேன். அந்த போர்ட்லயும் லைன் விழ ஆரம்பிச்சிடுச்சு, அடிக்கடி கட்டாச்சு. உங்க பழைய போர்ட்ல வேற வரிசை மேஜையோட ஒயரை மாட்டினா, அது ஜம்முனு ஓடுது. அப்படின்னா என்ன அர்த்தம்?

— எனக்கென்ன தெரியும், நான் போன்ல பேசுறவ.

— கோளாறு ஸ்விட்ச்ல இல்ல, இங்கதான் உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

— என்னையா கோளாறுங்கற?

— ஐயோ, ஒயரைச் சொன்னேன்க்கா. இதோ பாருங்க, இந்த நுனியில ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். சொருகினா டக்குனு பிடிச்சுக்கும். மொதல் தடவை நான் போட்டது புத்தம் புது ஒயர். இப்ப கிளிப்பையே காணோம். தானா ஒடைஞ்சிருந்தா பிசிறு இருக்கும். இது வழவழன்னு இருக்கு. யாரோ வெட்டியிருக்காங்க.

— யாரோ என்ன யாரோ? நான்தான் வெட்டினேன். நகவெட்டியால. இப்ப என்னங்கற?

— என்னக்கா, பட்டுனு போட்டு உடைச்சிட்டீங்க!

— பின்ன? காலால லேசா தட்டினா கழண்டுக்கணும், திரும்பத் தள்ளினா சேந்துக்கணும். கிளிப் இருந்தா அது நடக்குமா?

— எதுக்குக்கா இதெல்லாம்? வேலை செய்யப் பிடிக்கலையா?

— நாக்கை அடக்கிப் பேசு தம்பி. என் அளவுக்குப் போன் எடுக்கிறவ இந்த வரிசையிலயே கிடையாது. ஸ்க்ரீன் ஓரத்துல பாரு, ஒரு கடிகாரம் ஓடுதா? சீட்டை விட்டு எழுந்தா ஒரு பட்டனை அழுத்தணும், அது செவப்பாயிடும். பாத்ரூம் போனாலும் செவப்புதான். அஞ்சு நிமிஷம் தாண்டினா பேரு மேலிடத்துக்குப் போகும். ஆனா லைன் கட்டாச்சுன்னா, நெட்வொர்க் கோளாறுன்னு போட்டுட்டு கடிகாரம் நின்னுடும். ஒரு நாள் சரியா மாட்டாத ஒயர்ல தெரியாம கால் பட்டப்பதான் இதைப் பாத்தேன்.

— அதுக்காக...

— பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு இருக்கா, பாத்திருப்ப. மாசமா இருக்கா. போன மாசம் மீட்டிங்ல மேனேஜர் சார் எழுந்து நின்னு, அவ ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போறான்னு எல்லார் முன்னாடியும் வாசிச்சார். ரெண்டு பேர் சிரிக்க வேற சிரிச்சாங்க. மறுநாள்லேருந்து அவ தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டா. இதோ, இந்த இடத்துலதான் மயங்கி விழுந்தா. நான்தான் தாங்கிப் பிடிச்சேன். அன்னைக்கு வெட்டினேன், என்னுதையும் அவளுதையும். அப்புறம் வரிசை முழுக்க. நீ புது ஒயர் போட்டப்ப அதையும் வெட்டினேன்.

— மெதுவாக்கா. சாப்பிடப் போனவங்க வந்துடப் போறாங்க.

— வரட்டுமே.

— நான் ஒண்ணு பண்றேன். ஸ்விட்ச் பழசாயிடுச்சு, போர்ட்டெல்லாம் லொடலொடன்னு ஆடுதுன்னு எழுதிடறேன். புதுசு வாங்கி மாட்டிக்குவாங்க. உங்க மேல ஒரு தூசி விழாது.

— அப்படி மட்டும் எழுதின, உன்னைச் சும்மா விடமாட்டேன். புது ஸ்விட்ச் வரும், பூட்டுப் போட்ட ஒயர் வரும், அவ மறுபடியும் தண்ணி குடிக்காம உக்காருவா. ஒளிஞ்சு ஒளிஞ்சு ஒண்ணுக்குப் போனது போதும் எனக்கு. எழுது. ஸ்விட்ச்ல கோளாறு இல்ல. ஒயரைக் கையால...

— காலால.

— சரி, காலால கழட்டி விடுறாங்க. ஏன்னா பாத்ரூம் போறதை எண்ணுறாங்க. கழட்டினது நான். பேரைப் போடு.

— வேலை போயிடும்க்கா. வீட்டுல ரெண்டு பிள்ளைங்கன்னு போன தடவைதானே சொன்னீங்க.

— அதுங்களுக்குச் சோறு போடணும்னுதான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். பயம் இல்லாம இல்ல தம்பி. இருந்தாலும் எழுது. உன் ரிப்போர்ட் நேரா தலைமை ஆபீசுக்குப் போகுதில்ல? எங்களைப் பத்தி நாங்க எழுதினா குப்பைக்கூடைக்குப் போகும். மெஷினைப் பத்தி எழுதினாதான் படிப்பாங்க.

— என்னய்யா, கண்டுபிடிச்சியா இல்லையா? மூணாவது தடவையா வந்து நிக்கிற!

— வாங்க மேனேஜர் சார். கண்டுபிடிச்சாச்சு. நான்தான் சார் ஒயரைக் கழட்டிவிட்டது.

— அப்படிப் போடு! எனக்கு அப்பவே சந்தேகம்தான். எழுதுய்யா, இந்தம்மா பேரை எழுது.

— எழுதுவான் சார். காரணத்தையும் சேத்து எழுதுவான்.

— காரணமெல்லாம் எதுக்கு? கழட்டினாங்க, அவ்வளவுதான். கதை முடிஞ்சுது.

— இல்ல சார், முடியாது. விழுந்த லைன் அத்தனைக்கும் நான் பதில் எழுதியாகணும். இந்த வரிசைக்குப் பதில் கிடைச்சாச்சு. இன்னும் ஒண்ணு மட்டும் பாக்கி.

— எது?

— உங்க ரூம் சார். அந்த லைனும் இதே மாதிரிதான் விழுந்து விழுந்து எழுந்திருக்கு. ஒரு தடவை ஒயரைப் பாத்துட்டேன்னா...

— அது... அதை விடுய்யா. ரூம் பூட்டியிருக்கு.

— சாவி உங்க கையிலதானே சார் இருக்கு.

— விடுன்னு சொல்றேன்ல!

— ஏன் சார் இப்படி வேர்க்குது உங்களுக்கு? உங்க ஸ்க்ரீன்லயும் கடிகாரம் ஓடுதா?

— சர்க்கரைம்மா எனக்கு. அடிக்கடி எழுந்தாகணும். மேல இருக்கிறவங்க என்னையும் எண்ணுறாங்க.

— அது தெரிஞ்சுமா அந்தப் பொண்ணோட கணக்கை வாசிச்சீங்க?

— அதை வாசிக்கலைன்னா என்னுதை வாசிப்போம்னு சொன்னாங்கம்மா.

— பாவம்னு மட்டும் சொல்லமாட்டேன் சார். அவ விழுந்தப்ப நீங்க கதவைக்கூடத் திறக்கல. தம்பி, காரணத்தை எழுதிட்டியா?

— எழுதிட்டேன்க்கா.

— அப்ப கீழ, கழட்டினவங்க பேரு ரெண்டுக்கு இடம் விடு. சார் சீனியர், அவர் பேரு மொதல்ல வரட்டும்.