மச்சான் காரை இறக்கிக் கொடுத்தது

காப்பி நல்லாத்தான் இருக்கு, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்க பட்டறைப் பக்கத்துக் கடைக்காரன் சீனியை அள்ளிக் கொட்டுவான். அதைக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு.

என் பேரு மீரா சாகிப். பிராங்கின் ரோட்டுக்குப் பின்னால மோட்டார் பட்டறை வச்சிருக்கேன். பினாங்குல எந்தக் கார் எங்க முனகினாலும் கடைசியில என் வாசல்லதான் வந்து நிக்கும். போன வருஷம் என் மச்சான் கமாலுதீன் கார் கவுந்துச்சே, மாடு குறுக்க வந்துடுச்சுன்னு உங்க ஆளுங்க எழுதி முடிச்சாங்களே, அதைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். மாடு பாவம். அது ஓரத்துல புல்லு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கமாலுதீன் என் தங்கச்சி ஆசியா பீவியோட புருஷன். துணி வியாபாரம். நல்ல மனுஷன், அதை யாரும் மறுக்க முடியாது. எங்க வாப்பா மவுத்தானதுக்கு அப்புறம் தங்கச்சியை வளர்த்தது நான். காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டு வீடு பூரா நடந்திருக்கேன். என் உசுரே அவதான். கல்யாணமாகி வருஷக்கணக்காச்சு, அவளுக்குப் பிள்ளை இல்ல. மச்சான் கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்புல ரெண்டாவதா ஒரு பொண்ணைப் பேசி முடிச்சிருக்காருன்னு கேள்விப்பட்டு அவ வீட்டுக்குப் போனேன். கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. கண்ணே சொல்லும்போது வாயை எதுக்குக் கேக்கணும்?

அந்த வாரமே மச்சான் காரை ஓட்டிக்கிட்டு வந்தாரு. பழைய திறந்த கார். முன்பக்கம் சேவல் மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும். இப்ப பணக்காரச் சீனப் பாபா வீட்டுப் பையன்க எல்லாம் முன்பக்கத்தை இறக்கி ஓட்டுறாங்க, நீங்களும் பாத்திருப்பீங்க. அவருக்கும் அதே மாதிரி வேணுமாம்.

"நிக்காஹுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடு லா, மச்சான். புது ஷாக் அப்சார்பரும் போட்டுடு. ரோட்டுல வழுக்கிக்கிட்டுப் போகணும்."

"நாப்பது வயசு மாப்பிள்ளை வழுக்கினா எலும்பு தாங்காது மச்சான்"னேன். வயிறு குலுங்கச் சிரிச்சாரு.

வேலையை நான் சுத்தமாத்தான் செஞ்சேன். முன் ஸ்பிரிங்குங்கிறது வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டினது. அடுக்குல ரெண்டு பட்டையை உருவிட்டு, மிச்சத்தை உலையில காய்ச்சி வளைவைத் தட்டிக் குறைச்சா கார் தானா இறங்கிடும். தட்டின பட்டையை எண்ணெயில தோய்ச்சு, திரும்ப இளஞ்சூட்டுல வாட்டி எடுக்கணும். அப்பதான் அது வளைஞ்சு குடுக்கும். தண்ணியில தோய்ச்சு வாட்டாம விட்டா, பாக்குறதுக்கு அதே பட்டைதான், உள்ளுக்குள்ள கண்ணாடி. வலது பக்கத்து மேல் பட்டையை மட்டும் தண்ணியில தோய்ச்சேன். கறுப்புச் சாயம் பூசினேன். ஷாக் அப்சார்பரை ரெண்டு பக்கமும் சரிபாத்து முடுக்கினேன்.

ஊருக்குள்ள மெதுவா ஓட்டினா ஒண்ணும் ஆகாது. பொண்ணு வீட்டுக்குப் போறப்ப, பட்டர்வொர்த்துல பெரிக் கப்பலை விட்டு இறங்கி, வேகம் பிடிச்சு, ஒரு பள்ளத்துல விழுந்தா பட்டை முறியும். முன் அச்சு ஒரு பக்கம் பின்னால போயிடும். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேக்காது. ஜமாஅத் ஆளுங்க ரயில்ல முன்னாடியே போயிடுவாங்க, மச்சான் தனியாத்தான் வருவாருன்னு நினைச்சேன். சக்களத்தியோட வாழுறதைவிட விதவையா இருக்குறது அவளுக்குக் கவுரவம்னு எனக்குப் பட்டுச்சு. நான் பாத்துக்க மாட்டேனா? முன்னாலயும் நான்தானே பாத்துக்கிட்டேன்.

ஒண்ணை மறந்துட்டேன். எங்க கல்யாணத்துல பொண்ணு கழுத்துல தாலி மாதிரி கருகமணி மாலை கட்டுறது மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவ. மச்சானுக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. எத்தனையோ கல்யாணத்துல பந்தி பரிமாறினவன் நான், அதைக் கொஞ்சமும் யோசிக்கல.

புறப்படுற அன்னைக்கு ஆசியா வெள்ளைத் துப்பட்டி போத்திக்கிட்டு, கையில கருகமணியோட படியிறங்கி வந்தா.

"நீ எங்க?"ன்னேன்.

"நான் போகாம யாரு அண்ணே கட்டுறது? பொண்ணைப் பாத்துப் பேசினதே நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. அழுது சண்டை போட்டுச் சம்மதிக்க வச்சேன். வீட்டுல ஒரு பிள்ளைச் சத்தம் கேக்கட்டும் அண்ணே."

கண்ணு வீங்கினது அதுக்குத்தான் போல.

புக்கிட் மெர்தாஜாம் தாண்டி ஒரு வளைவுல கார் கவுந்துச்சு. மச்சானுக்கு ஒரு கால் போச்சு. அவ அங்கேயே மவுத். நொறுங்கின காரை வேற யாருகிட்ட கொண்டு போவாங்க, என்கிட்டதான் இழுத்துட்டு வந்தாங்க. முறிஞ்ச பட்டையைக் கழட்டிக் கடல்ல போட்டேன்.

அந்தக் காரை உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. ஆனாலும் பட்டறையைப் பெருக்கினா ஒரு கருகமணி உருண்டு வருது. பொறுக்கி வெளிய எறியுறேன், மறுநாள் இன்னொண்ணு. ஒரு மாலையில எத்தனைதான் இருக்கும் ஐயா? ஜாக்கியில இருந்து எந்தக் காரை இறக்கினாலும் ஸ்பிரிங்கு ஒரு மூச்சு விடுது. பின் சீட்டுல அவ சாஞ்சு உக்காருற மூச்சு அது, எனக்குத் தெரியாதா? அந்தியில விளக்கு வச்சதும் பட்டறையைச் சாத்திடுறேன். பயம்தான், வேற என்ன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு மச்சான் கட்டையை ஊணிக்கிட்டு வருவாரு. அவரு மறுபடி கல்யாணம் பண்ணிக்கல. "நான் இறக்கச் சொல்லாம இருந்தா அவ இருந்திருப்பா மச்சான், நான்தான் அவளைக் கொன்னேன்"னு அழுவாரு. அல்லா எழுதினதை யாரு அழிக்க முடியும்னு முதுகைத் தடவி விடுவேன். நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு"ன்னாரு. மன்னிச்சேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. அதான் வந்தேன்.

எழுதிக்கிங்க. மச்சானைக் கொல்லப் பாத்தது நான்தான், ஒத்துக்கிறேன். தங்கச்சி விஷயம் வேற. அவ கார்ல ஒரு காலை வச்சுக்கிட்டு, "இவ்வளவு தாழ்ந்து கெடக்கே, பயமில்லையே அண்ணே?"ன்னு கேட்டா. சொல்லியிருக்கலாம். ஆனா வாசல்ல அக்கம்பக்கமே நின்னுச்சு, மச்சானும் பக்கத்துல நின்னாரு. அத்தனை பேர் முன்னால நான் என்னன்னு சொல்றது? "பிஸ்மில்லா சொல்லி ஏறு"ன்னேன். ஏறினா. துப்பட்டி நுனி மாட்டிக்கிடாம எடுத்து உள்ள விட்டுட்டு, கதவை நானே சாத்தினேன். அவளுக்கு ஒரு குறையும் நான் வச்சதில்ல ஐயா.