ரசக்காரர் மரியசூசையின் கடைசித் தொட்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பக்கத்துப் பங்குகளில் இருந்து வந்திருக்கும் அருட்தந்தையர்களே, அண்ணி சந்தனமேரி அவர்களே, மகள் ஜெசி அவர்களே, நல்ல மண்டபம் இருக்க இந்தத் தொட்டிக் கொட்டகைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் காரைக்குடிப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் குன்றக்குடிச் செம்மலையின் வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. கம்பத்தில் இருந்து லாரியில் திராட்சை ஏற்றி வரத் தெரியும், நொதிக்கிற பழத்தை முகர்ந்து பார்க்கத் தெரியும். அண்ணன் மரியசூசை அவர்களோடு இருபத்தாறு ஆண்டுகள் நான் பார்த்த வேலை இவை இரண்டுதான். முருகனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று உண்டு, என் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. குடிக்காதவன் மூக்கை நம்பி ஒரு மனிதர் தொழில் நடத்தினார் என்றால், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது?

வாசலில் பேனரைப் பார்த்திருப்பீர்கள். 'ரசம் புகழ் மரியசூசை' என்று போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வரைந்து, கொத்தமல்லித் தழையை மிதக்கவிட்டிருக்கிறார் கடைக்காரர். நான் மாற்றச் சொல்லவில்லை. பூசைக்குரிய திராட்சை ரசம் தயாரித்த மனிதரைச் சமையல்காரர் என்று நினைப்பது இந்த ஊரில் புதிதா என்ன?

ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலையில் இருந்தவர் அவர். முப்பத்தோரு வயதில் அதை எழுதிக் கொடுத்துவிட்டு, "நான் ரசம் போடப் போறேன்" என்று வந்து நின்றார். அடுத்த வருடம் பெண் பார்க்கப் போனோம். 'ஒயின்' என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பயந்த தரகர், மாப்பிள்ளை ரசம் தயாரிக்கிறார் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். பெண்ணின் அப்பா பெரிய மனிதர், மரியாதையாகத்தான் விசாரித்தார்.

"ஒரு தடவைக்கு எத்தனை பேருக்கு வைப்பீக?"

"பதினெட்டுப் பங்குக்குப் போகுதுங்க மாமா."

"நல்லது. புளி எங்குட்டு வாங்குறீக?"

"புளியெல்லாம் வாங்குறதில்லைங்க. பத்து நாள் அப்படியே விட்டா அதுவாப் புளிச்சுக்கிரும்."

"பத்து நாளா? அதைச் சனங்க குடிக்கிதா?"

"முழங்கால் போட்டுக் குடிக்கிறாகளே மாமா."

அந்த மனிதர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. உள்ளே இருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. "யப்பா, பூசை ரசம்ப்பா" என்றது அந்தக் குரல். அண்ணன் என் காதில், "இந்தப் பிள்ளைதான்டா" என்றார். முகத்தைப் பார்க்கும் முன்பே முடிந்துபோன சம்பந்தம் அது. அண்ணி, நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தான் சொல்கிறேன்.

எப்படிப்பட்டவர் நம் மரியசூசை? தவறே செய்யாதவரா? செய்தார். நசுக்கிய பழத்தில் தோல் மேலே மிதந்து வரும். தினமும் இரண்டு வேளை துடுப்பால் அமுக்கி உள்ளே தள்ள வேண்டும், விட்டால் காற்றுப் பட்டுக் காடியாகிவிடும், அதாவது வினிகர். ஒரு வருடம் தேர்த் திருவிழா மும்முரத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டார். தொட்டி அத்தனையும் காடி. என்ன செய்தார் தெரியுமா? டவுன் பஸ் பிடித்துப் பதினெட்டுச் சாமியார்களையும் நேரில் பார்த்து, "இந்த வருசம் ரசம் இல்லைங்க சாமி. நாந்தான் கெடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வருடம் ஊரில் வெங்காயம் காடியில் ஊறாத வீடு கிடையாது!

அந்தக் காடிப் பயம்தான் பத்து நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஏழு தொட்டிகளிலும் இருப்பது அவர் கடைசியாக நசுக்கிய பழம். திங்கட்கிழமை நசுக்கினார். வியாழன் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவே இல்லை. கெட்டுப்போனால் கொட்டகையை மூடிவிடலாம், பூசைக்கு வெளியூரில் வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மூலையில் அழுதுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். மாலையில் அடக்கம். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அண்ணி எழுந்து என்னிடம் வந்தார்.

"ஏந்தம்பி, எல்லாரும் இங்குட்டு உக்காந்துட்டா அங்குட்டுத் தோலை யாரு அமுக்குறது? அவரு போனது திராட்சைக்குத் தெரியுமா?"

சொந்தக்காரப் பெண்கள் பதறிப்போனார்கள். துக்க வீட்டுப் பெண் இன்றைக்குப் போய் வேலையில் இறங்கலாமா என்று கையைப் பிடித்தார்கள். "அழுகுறதுக்கு எனக்கு எம்புட்டோ நாள் இருக்கு. இதுக்கு இன்னைக்குத்தான்" என்று சேலையைச் சொருகிக்கொண்டு நடந்தார். ஏழு தொட்டி. நான் மூன்று, அவர் நான்கு. கையைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முதல் இன்று வரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

என் மூக்கு நல்லபடியாகத்தான் சொன்னது. ஆனாலும் அதை நம்பப் பயமாக இருந்தது. இன்று காலையில் அண்ணி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

"கொஞ்சம் முரடா இருக்கு தம்பி" என்றார். "அவுகளும் மொத வருசம் அப்படித்தான் இருந்தாக. சரியாப் போகும்."

ஆகவே சபையோரே, இந்தக் கொட்டகை மூடப்படாது. உரிமத்தை அண்ணி பெயருக்கு மாற்ற விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. கம்பத்துப் பழம் வரும், என் மூக்கும் வரும். கிறிஸ்துமஸ் பூசைக்குப் பதினெட்டுப் பங்குக்கும் ரசம் போய்ச் சேரும். அண்ணன் மரியசூசை அவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு இது.

நிறைவாக, வழக்கப்படி ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தம்பி, அந்த மின்விசிறியையும் மைக்கையும் நிறுத்துங்கள். யாரும் இருமக்கூட வேண்டாம். தொட்டிப் பக்கம் காதைக் கொடுங்கள். பழம் நொதிக்கிற சத்தம், பொரிகிற மாதிரி மெல்லிசாகக் கேட்கும். அவருடைய வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.